யார்க்: மதில்மேல் ஒரு நாள்

லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வட இங்கிலாந்தின் யார்க் நகரம் வந்துவிடும். காலையில் போய் இரவு திரும்பிவிடலாம் என்பதால் கையில் பட்டியலோடு ஓடுகிறவர்களே அதிகம். இந்த ஊரைச் சுற்ற ஒரே வழி மதில்மேல் ஏறி நடப்பதுதான் என்பது என் கட்சி. நிலையத்துக்கு எதிரிலேயே பழைய நகர மதில் நிற்கிறது. ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் நீளம், டிக்கெட் கிடையாது, இருட்டினால் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

லெண்டல் பாலத்தில் ஊஸ் நதியைத் தாண்டி, பூத்தம் பார் வாயிலில் மறுபடி ஏறினேன். அங்கிருந்து மங்க் பார் வாயில் வரைக்குமான துண்டுதான் மதிலிலேயே அழகு. கி.பி. 71இல் ரோமானியர் போட்ட கோட்டையின் எல்லையை ஒட்டியே இந்தப் பகுதி செல்கிறது. ஒரு பக்கம் புல்சரிவு. மறுபக்கம் வீட்டுத் தோட்டங்கள், அவற்றுக்கு மேலே மின்ஸ்டர் பேராலயத்தின் கோபுரங்கள். உள்பக்கம் பல இடங்களில் கைப்பிடிக் கம்பி இல்லை. எதிரே தள்ளுவண்டிக் குழந்தையோடு ஒரு குடும்பம் வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இத்தனை அழகையும் 1800வாக்கில் நகராட்சியே இடித்துத் தள்ளப் பார்த்ததாம். பராமரிப்புச் செலவும் குறுகிய வாயில்களும் அதற்குச் சொன்ன காரணங்கள். உள்ளூர் ஓவியர் வில்லியம் எட்டி உள்ளிட்டோர் எதிர்த்து நின்றதால் பெரும்பகுதி தப்பியது. வாயில்களின் முன்னரண்கள் மட்டும் போயின. வாம்கேட் பார் வாயிலில்தான் ஒன்று மிச்சம்.

மின்ஸ்டருக்குள் போகக் கட்டணம் உண்டு. கிழக்குச் சன்னல் ஒன்றுக்கே அந்தக் காசு தகும். ஒரு டென்னிஸ் மைதான அளவுக் கண்ணாடி அது. கவென்ட்ரியிலிருந்து வந்த ஜான் தோர்ன்டன் 1405இல் ஒப்பந்தம் போட்டு, சொன்ன மூன்று ஆண்டுக்குள் முடித்துக் கொடுத்து 10 பவுண்டு வெகுமதியும் வாங்கியிருக்கிறார். நம் ஊர் ஒப்பந்ததாரர்களை ஒரு நடை அழைத்துவந்து காட்டலாம். மேலே பைபிளின் படைப்புக் கதை, கீழே அதன் உலக முடிவு. தரையிலிருந்து பார்த்தால் நீலமும் சிவப்புமாகத்தான் தெரிகிறது. பைனாகுலரைக் கண்ணில் வைத்தபோதுதான் ஒரு கட்டத்துக்குள் ஏழு தலை விலங்கு ஒன்று பிடிபட்டது. கழுத்து வலிக்கும்வரை அங்கேயே இருந்தேன். வெளியே வந்தால் வெண்கலக் கான்ஸ்டன்டைன் நாற்காலியில் சாவகாசமாகச் சாய்ந்திருக்கிறார். 306இல் அவரைப் படைவீரர்கள் ரோமானியப் பேரரசர் என்று அறிவித்தது இந்த ஊரில்தான்.

ஷாம்பிள்ஸ் தெருவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒரு காலத்துக் கசாப்புக்கடைத் தெரு; இறைச்சி மாட்டிய கொக்கிகள் இன்றும் சில கடை முகப்பில் தொங்குகின்றன. மாடிகள் ஒன்றையொன்று முட்டுகிறாற்போல் சாய்ந்து நிற்கின்றன. ஆனால் பகலில் ஹாரி பாட்டர் கடைகளில் மந்திரக்கோல் வாங்க நிற்கும் வரிசைதான் தெரிகிறது, தெரு தெரியவில்லை. காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். அண்ணாந்து பார்த்தால் கட்டடங்களின் மேல் பூனைச் சிலைகளும் ஆங்காங்கே தென்படும். மதில்மேல் பூனை என்பதை இந்த ஊர்க்காரர்கள் நிஜமாகவே செய்து வைத்திருக்கிறார்கள்.

மதிய உணவு யார்க்‌ஷயர் புட்டிங். மாவு, முட்டை, பால் கரைசலைக் காயும் கொழுப்பில் ஊற்றிச் சூட்டடுப்பில் உப்ப வைத்த கிண்ணம். இறைச்சிச் சாறு ஊற்றினால் ஓரம் மொறுமொறு, அடி தளதள. தனியாகத் தின்றால் சப்பென்றிருக்கும்.

அதற்குப்பின் கிளிஃபர்ட் கோபுரம். பச்சை மேட்டின் உச்சியில் படமெடுக்கத் தோதான கற்கட்டடம். 1190 மார்ச்சில் இதே மேட்டில் இருந்த மரக்கோபுரத்துக்குள், வெறிகொண்ட கும்பலிடமிருந்து தஞ்சம் புகுந்த யூதர்கள் ஏறத்தாழ 150 பேர் இறந்தார்கள். பலர் தங்கள் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். மேட்டடியில் அதைச் சொல்லும் கல்வெட்டு சிறியது; பலர் பார்க்காமலே படியேறிப் போகிறார்கள். முதலில் அதைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

மாலை ரயிலுக்கு நேரமிருந்தால் நிலையத்துக்குப் பின்னாலுள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குள் நுழையலாம், அனுமதி இலவசம். 1938இல் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி நீராவி ரயிலுக்கான உலகச் சாதனை படைத்த மல்லார்ட் என்ஜின் நீல வண்ணத்தில் அங்கே நிற்கிறது. மூடும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.