பர்மிங்காம் வரிசை வீடு: சிமென்ட் பாயிண்டிங்கை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை

இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1880களில் கட்டிய வீட்டின் தெருப்பக்கச் சுவர். 9 அங்குலம், ஃபிளெமிஷ் கட்டு (ஒவ்வொரு வரியிலும் நீளக்கல்லும் குறுக்குக்கல்லும் மாறி மாறி வரும்), நடுவே காற்றிடைவெளி கிடையாது. பிற்காலத்தில் செங்கற்களுக்கு இடையிலான இடுக்குகளில் சிமென்ட் பூசியிருக்கிறார்கள்; இப்படி இடுக்கின் முகப்பைப் பூசுவதுதான் பாயிண்டிங். சன்னலுக்குக் கீழே செங்கல்லின் முகம் சில்லுச்சில்லாக உதிர்கிறது; சிமென்ட் மட்டும் அப்படியே துருத்தி நிற்கிறது.

விக்டோரியா காலச் சுவர் மழையைக் குடித்துவிட்டுப் பிறகு இடுக்கு வழியே உலரும். இடுக்கைச் சிமென்ட் அடைத்தால் ஈரம் செங்கல்லின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். குளிரில் அது உறைந்து விரியும்போது கல்லின் முகம் கழன்றுவிடும். அதனால் காரை கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும். தேய்ந்தால் காரையை மாற்றிக்கொள்ளலாம், கல்லை மாற்றுவது பெரும்பாடு.

10 மி.மீ. அகல இடுக்கில் சிமென்ட்டை 20 முதல் 25 மி.மீ. ஆழம் வரை எடுத்தாயிற்று. ஒடுக்கமான உளியும் சுத்தியலும் போதும். ஆங்கிள் கிரைண்டர் வேண்டவே வேண்டாம்: செங்குத்து இடுக்கின் உயரம் ஒரு கல் அளவுதான், வட்டத் தகடு மேலும் கீழும் உள்ள கற்களை அறுத்துவிடும். அயர்லாந்தின் டப்ளின் வீடுகளில் வெள்ளைக் கோடும் செங்கல் நிறக் கலவையும் சேர்ந்த ‘விக்கிங்’ வேலை இருந்தால் உளியே வைக்காதீர்கள். அதற்குத் தேர்ந்த கைவினைஞர் வேண்டும்.

சிமென்ட்டுக்குப் பின்னால் பழைய காரை கறுப்பாக இருந்தது. நிலக்கரிச் சாம்பல் கலந்தது. தொழில் நகரங்களில் அது வழக்கம். நிறம் ஒத்துவர அடர்நிற மணலும் கொஞ்சம் கறுப்பு இரும்பு ஆக்சைடும் சேர்த்தோம். மாதிரி நன்றாகக் காய்ந்த பிறகே நிறத்தை ஒப்பிட வேண்டும், ஈரத்தில் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும்.

கலவை: என்.எச்.எல். 3.5 (நீர்பட்டு இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு; எண் கூடினால் கடினமும் கூடும்) 1 பங்கு, 3 மி.மீ. வரை பருமணிகள் உள்ள கூர்மணல் 3 பங்கு. மணலின் இடைவெளி ஏறத்தாழ மூன்றில் ஒன்று, அதை நிரப்பச் சுண்ணாம்பு சரியாக இருக்கும். வாளியால் அளக்க வேண்டும்; மண்வெட்டிக் கணக்கு ஒவ்வொரு முறையும் மாறும். நைஸ் மணல் போட்டால் சுருங்கி வெடிக்கும். சேதாரத்தோடு சதுர மீட்டருக்கு 6 லிட்டர் ஆகிறது. கல் மிகவும் மென்மையாக இருந்தால் என்.எச்.எல். 2 நல்லது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கிவிடும்.

தூசியைத் துலக்கி, முந்தின மாலையே சுவரை நனைத்து, வேலைக்கு முன் மறுபடி தெளிக்க வேண்டும். காய்ந்த கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். ஒடுக்கமான கரண்டியால் உள்ளே அழுத்தித் திணித்து, கல்லின் விளிம்புக்குச் சற்றே உள்ளடங்கி நிறுத்தவும். கட்டைவிரல் பதியாமல் நகம் மட்டும் பதியும் பக்குவத்தில், முரட்டு பிரஷ்ஷால் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். முந்தினால் சுண்ணாம்பு கல்லில் பூசிக்கொள்ளும், பிந்தினால் இறுகாது.

காரை சட்டென்று காயாதபடி சுவரின் மேல் ஈரச் சாக்கு ஒரு வாரம் தொங்க வேண்டும். சோதனைக்காகச் சாக்கில்லாமல் விட்ட வெயில்படும் பகுதி, விரலால் தேய்த்தாலே பொடியாக வந்தது. 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் நாட்களில் வேலை கூடாது.

சன்னலுக்குக் கீழ்ப்பகுதி முடிந்தது. அடுத்து வாசல் வளைவு. அங்கே இடுக்கு 2, 3 மி.மீ.தான், உளி நுழையாது, ஹேக்சா பிளேடால் சுரண்டிச் சுண்ணாம்புப் பசையும் மிக மெல்லிய சலித்த மணலும் வைக்க வேண்டும்.