இறக்கை நறுக்கிய கோர்சேர்

14 ஜூலை 2024, ஞாயிறு

மகன் பெங்களூரில் இருந்து கொண்டுவந்த பெட்டியை இன்று பிரித்தேன். 1:48 அளவில், ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாடலாக ஒரு கோர்சேர். இரண்டாம் உலகப் போரில் கப்பலில் இருந்து பறந்த, புரொப்பெல்லர் வைத்த சண்டை விமானம். முப்பது வருடம் பவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சுக்கான மர மாதிரி, செய்த கைக்கு பிளாஸ்டிக் புதிது. ஆனால் பெட்டிக்குள் இருந்ததெல்லாம் பழகிய முகங்கள்தான்: வார்ப்பு ஓடி வரும் ரன்னர், அது உள்ளே நுழையும் கேட், இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் மயிரிழை போல ஒரு பார்ட்டிங் லைன். தேடிப் பார்த்தும் பிசிறு இல்லை. இந்த அச்சை வெட்டிய ஜப்பான்காரர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

எத்தனையோ விமானம் இருக்க இதுதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. போர்க்காலத்தில் கோயம்புத்தூர் பீளமேட்டில் பிரிட்டிஷ் கடற்படை விமானப் பழுதுபார்ப்புத் தளம் ஒன்றை நடத்தியது. கப்பலுக்கு வைப்பது போலவே அதற்கும் ஒரு பெயர், ‘கருடா’. 1945இல் எங்கள் சூலூர் ஓடுதளமும் அவர்கள் கைக்குப் போய் ‘வைரி’ ஆனது. கடல் வாசமே அடிக்காத ஊரில் இரண்டு கப்பல்! கோர்சேர் இந்த மண்ணுக்கு வந்துபோன விமானம். அமெரிக்கப் படம் போட்ட பெட்டிதான். நான் கட்டப்போவது பிரிட்டிஷ்காரர்கள் ஓட்டியதை.

19 ஜூலை, வெள்ளி

எஞ்சினிலேயே ஐந்து மாலைகள் போய்விட்டன. வரிசைக்கு ஒன்பதாக இரண்டு வரிசை, மொத்தம் 18 சிலிண்டர், காற்றிலேயே குளிர்வது. சுமார் 2,000 குதிரைத்திறன். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஓடுவது 5 எச்பி மோட்டார். அப்படி 400 மோட்டாரை ஒரே மூக்கில் கட்டியது போல. அவ்வளவு திறனை இழுக்க 13 அடி 4 அங்குல புரொப்பெல்லர் வேண்டியிருந்தது. அது தரையில் இடிக்காமல் இருக்க விமானத்தை உயர்த்தினால் சக்கரக்கால் நெட்டையாகி, கப்பலில் இறங்கும் அதிர்ச்சியில் முறிந்துவிடும். ஆகவே இறக்கையையே கீழே வளைத்து, வளைவின் அடிமட்டத்தில் குட்டைக்காலைப் பொருத்திவிட்டார்கள். இந்த யோசனையை நினைத்து நினைத்து ரசிக்கிறேன்.

பெட்டியில் ஸ்பார்க் பிளக் வயர் கிடையாது. மோட்டார் காயில் கட்டும் கடையில் துண்டுத் தாமிரக் கம்பி கேட்டேன். “எதற்குங்க அண்ணா?” என்றான் பையன். விமானத்துக்கு என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு பிடி அள்ளிக் கொடுத்தான். ஒவ்வொரு கம்பியையும் ஊசிமுனையில் வளைத்து ஒட்டி முடித்தபின், முன்மூடியை மாட்டினால் பாதி மறைந்துவிடுகிறது! போகட்டும், பின் வரிசையிலும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

28 ஜூலை, ஞாயிறு

இன்று இறக்கையை அறுத்தேன்.

கோர்சேரின் இறக்கை தலைக்கு மேலே மடியும். இல்லஸ்ட்ரியஸ் போன்ற பிரிட்டிஷ் கப்பல்களில் விமானம் நிறுத்தும் ஹேங்கரின் உயரம் 16 அடிதான். மடித்தால் நுனி கூரையில் முட்டும். அதனால் பக்கத்துக்கு 8 அங்குலம் வெட்டினார்கள். 41 அடி அகலம் 39 அடி 8 அங்குலம் ஆனது. வெட்டியதில் ஒரு நன்மையும் கிடைத்தது: இறங்கும்போது மிதந்துகொண்டே போகாமல் சட்டென்று தளத்தில் உட்காரத் தொடங்கியது.

1:48 என்றால் ஓர் அடிக்குக் கால் அங்குலம். 8 அங்குலம் 4.2 மில்லிமீட்டர் ஆகிறது. பேட்டர்ன் வேலையில் இரும்பு ஆறிச் சுருங்கும் என்று எதையும் கொஞ்சம் கூட்டியே செய்து பழகியவன் நான். ஜப்பான்காரர் அச்சொட்டாகச் செய்ததை வெட்டிக் குறைக்க மனம் வரவில்லை. குறித்துவிட்டு, எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வந்து அறுத்தேன். வலது நுனி சுத்தமாக வந்தது. இடது நுனியை உப்புத்தாளில் தேய்க்கும்போது எங்கோ நினைப்பு. வெர்னியர் அளவியில் பார்த்தால் அரை மில்லிமீட்டர் கூடுதலாகப் போயிருந்தது. பவுண்டரியாக இருந்தால் பேட்டர்ன் என் வாசலுக்கே திரும்பி வந்திருக்கும். ஒரு பிளாஸ்டிக் பட்டை ஒட்டி, இரண்டு நுனிப் பொந்தையும் அடைத்து, பட்டி பார்த்து வைத்திருக்கிறேன். நாளை மறுபடி தேய்க்க வேண்டும்.

3 ஆகஸ்ட், சனி

ஆடிப் பதினெட்டு. தோட்டத்துச் சாளைக்குப் போனோம். புளியமரத்தில் பேத்திகளுக்குத் தூரி கட்டிக் கொடுத்தேன்.

கட்டுத்தரைக் கதவைப் பார்த்ததும் அப்பாரு நினைவு. அது விமானம் வந்த பெட்டியின் பலகை, ஏலத்தில் எடுத்தது என்பார். பொய் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்று உளியால் ஓரத்தைச் செதுக்கிப் பார்த்தேன். தேக்கு இல்லை, வேம்பு இல்லை, வாகை இல்லை. மஞ்சளான இளகிய மரம், நெருக்கமான வளையம், பழைய பிசின் மணம். பைன். அந்தக் காலத்தில் மாட்டுக் கதவுக்கு யார் பைன் வாங்கியிருப்பார்கள்? முத்திரை எதுவும் இல்லை, கோர்ட்டில் நிற்காது.

குறுக்குச் சட்டம் ஒன்று ஏற்கெனவே பிளந்திருந்தது. அதைக் கழற்றினேன். “கதவை எதற்குச் சாமி பிரிக்கிறாய்?” என்று அம்மா திண்ணையில் இருந்து கேட்டாள். வேறு போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

சூலூர் தளத்தில் ‘தரங் சக்தி’ கூட்டுப்பயிற்சி. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் என்று நான்கு நாட்டு விமானங்கள். தேஜஸ் சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது. ஐரோப்பியரின் டைபூன் விமானம் வேறு ரகம், ஜன்னல் கண்ணாடி முனகுகிறது. மொட்டைமாடியில் நின்று பார்த்தேன். பிரிட்டிஷ்காரர் இங்கே இறங்குவதற்கு இந்த முறை இறக்கை வெட்ட வேண்டியிருக்கவில்லை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

மேலே அடர்சாம்பலும் பச்சை கலந்த சாம்பலும். அடிப்பக்கம் ‘ஸ்கை’. பெயர்தான் ஆகாயம், நிறம் பாசிப்பருப்பு ஊறிய தண்ணீர். ஜன்னலைத் திறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னைநார்த் தூசியை ஈரப்பெயின்ட் மேல் கொண்டுவந்து ஒட்டுகிறது. சாத்தினால், “ஏனுங்க, சோற்றில்கூடத் தின்னர் வாசம் அடிக்கிறது” என்கிறாள் மனைவி. அவள் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து அடித்தேன்.

வட்டச் சின்னத்தை ஸ்டிக்கரில் எடுக்காமல் நானே வரைந்தேன். பிரிட்டிஷ் விமானம் என்றால் நடுவில் சிவப்புப் பொட்டு இருக்கும். இந்தப் பக்கம் பறந்தவற்றில் அதை அழித்துவிட்டார்கள். ஜப்பான் விமானத்தில் சிவப்பு வட்டம்; அவசரத்தில் சொந்த ஆளே சுட்டுவிடக் கூடாது அல்லவா? நீலத்துக்குள் சிறிய வெள்ளை, அவ்வளவுதான். காம்பஸில் பிளேடு கட்டி டேப்பை வட்டமாக வெட்டினேன். ஆறு வட்டங்களில் ஐந்து தேறின.

18 ஆகஸ்ட், ஞாயிறு

சாரலைப் பொருட்படுத்தாமல் கடைசிப் பூச்சான மேட் கிளியரை, பளபளப்பில்லாத நிறமற்ற பூச்சை, அடித்தேன். கால்மணி நேரத்தில் விமானம் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது, திருநீறு பூசியது போல. காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டது. வயிறு கலங்கியது. மதியம் வெயில் எட்டிப்பார்த்ததும் வெறும் தின்னரைத் தூரத்தில் இருந்து பனியாகத் தூவினேன். நல்லவேளை, பெரும்பாலும் தெளிந்தது. வால் அருகில் மட்டும் ஒரு திட்டு மிச்சம். அதன்மேல் புகைக்கரி தேய்த்துவிட்டேன்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

சட்டத்தை அறுத்து, இழைத்து, மெழுகு தேய்த்து, விமானத்தை அதன்மேல் நிறுத்தினேன். அமெரிக்கா கடனாக அனுப்பிய விமானங்கள் இவை. போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் காசு கட்ட வேண்டும். பலவற்றைக் கடலில் தள்ளிவிட்டார்கள்.

அம்மாவிடம் எடுத்துப்போய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விமானத்தை விட்டுவிட்டுப் பலகையைத் தடவினாள். “இதை அறுத்துவிட்டாயே. மாடு எப்போதும் அந்தப் பக்கம்தான் சாயும்.”

நாளை விடியற்காலையில் அளவெடுக்கப் போகிறேன். வேம்புச் சட்டம் ஒன்று பட்டறையில் கிடக்கிறது.