சட்டையைத் தூக்கி எண்ணிய மூச்சு

என் மகனுக்கு அப்போது எட்டு மாதம். வந்தது நிமோனியா என்று தெரியாமல், மார்கழிப் பனியில் பிடித்த சளி என்று நினைத்து, மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் கொடுத்து ரெண்டு நாள் ஓட்டிவிட்டேன். மூன்றாம் நாள் விடியற்காலை பால் கொடுக்க எடுத்தேன். ரெண்டு இழுப்பு இழுத்தான், விட்டுவிட்டான். மறுபடி பிடித்தான், விட்டான். அழக்கூட இல்லை. சட்டையைத் தூக்கினால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. அத்தைதான் "108-க்குப் போடு" என்று கத்தினார்.

மணப்பாறையிலிருந்து திருச்சி பெரியாஸ்பத்திரி. டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைத் தொடுவதற்கு முன்னால், அவனை என் மடியிலேயே விட்டு, சட்டையை மேலே சுருட்டி, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிஷம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணினார். 64. ஒரு வயதுக்குள் 50-ஐத் தொட்டாலே வேக மூச்சு, ஒரு வயது தாண்டினால் 40 என்றார். கால் பெருவிரலில் மாட்டிய, ரத்தத்தில் ஆக்சிஜன் அளக்கும் கருவி 86 சதவீதம் காட்டியது. 90-க்குக் கீழே என்றால் ஆக்சிஜன் வைத்தே ஆகணுமாம். எடை 6.5 கிலோ. வலிப்பு வந்ததா, குடித்ததெல்லாம் வாந்தியா, கூப்பிட்டால் கண் திறக்கிறானா, இதயத்தில் ஏதும் கோளாறு இருக்கா என்று வரிசையாகக் கேட்டார். தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தார். நிமோனியா ஊசிக்கான 14 வாரக் கட்டம் காலி. அந்த மாதம் அம்மா வீட்டில் இருந்தேன், போடாமல் விட்டது நான்தான்.

"பிழைச்சிடுவானா டாக்டர்?"

"இப்பவே சொல்ல முடியாதும்மா. 48 மணி நேரம் பாக்கணும்."

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ராத்திரி ரவுண்ட்ஸில் நின்று விளக்கினார். ஒரு வயதுக்குள் இருப்பது, எடை குறைவு, ஆக்சிஜன் குறைவு, பால் குடிக்காதது, மயக்கம், இப்படி ஒவ்வொன்றும் சேரச் சேர ஆபத்து கூடுமாம். அதைக் கூட்டிப் பார்த்துத்தான் யாரை ஐசியூவுக்கு அனுப்புவது, யாரை சிஸ்டர் மேசைக்குப் பக்கத்துக் கட்டிலில் போடுவது என்று முடிவெடுக்கிறார்கள். எங்களுக்கு சிஸ்டர் பக்கத்துக் கட்டில். பிறகு தேடிப் படித்தபோது, தென்னாப்பிரிக்கக் குழந்தைகளை வைத்து உருவாக்கிய 'ரிஸ்க்' (RISC) என்ற ஆபத்து மதிப்பெண் முறையிலும் ஆக்சிஜன் அளவு, பால் மறுப்பது, நெஞ்சில் குழி விழுவது, எடை எல்லாம் இருந்தன. மூச்சில் விசில் மாதிரி இழுப்புச் சத்தம் கேட்டால் அதில் மதிப்பெண் குறையும், அதாவது ஆபத்து குறைவு என்பது எனக்கு ஆச்சரியம்.

நடுராத்திரி கருவி 82 காட்டியது. அலறிவிட்டேன். சிஸ்டர் ஓடிவந்து முதலில் பிள்ளையின் உதட்டைப் பார்த்தார், பிறகு காலைத் தொட்டார். ஐஸ் மாதிரி இருந்தது. துணி சுற்றிச் சூடாக்கி மறுபடி மாட்டினார். 93. "கால் குளிர்ந்தா, புள்ள உதறினா இது தப்பாக் காட்டும்மா. தூங்கும்போது மூச்சை நீங்களும் எண்ணுங்க."

எண்ணினேன். சிரப் வாங்கிய சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்: 62, 60, 61. மறுநாள் மதியம் 54. ஆன்டிபயாடிக் ஊசி ஏறிக்கொண்டிருந்தது, பால் மூக்குக் குழாய் வழியாகத்தான் போனது. ரெண்டாம் நாள் ராத்திரி 46. மூன்றாம் நாள் காலை சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். டாக்டரம்மா தலையசைத்ததும் மடியில் போட்டேன். விடாமல் குடித்தான். "இப்ப சொல்றேன், தேறிட்டான்" என்றார்.

ஐந்தாம் நாள் ஆக்சிஜனை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து உடம்பு நன்றாகத் தேறியதும், அட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் நர்ஸம்மாவிடம் போனேன். ஊசியைப் போட்டுவிட்டு, காலியாக இருந்த கட்டத்தில் தேதி எழுதினார்.