மைலோவை வளர்த்ததும் அனுப்பியதும்

நாய்க்குட்டிகளைத் தற்காலிகமாக வளர்த்துக் கொடுக்கிறோம் என்றாலே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எப்படி மனசு வந்து கொடுக்கிறீங்க?" கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன குட்டிகள் பல. தடுப்பூசி முடியும்வரை சில வாரங்கள் இருக்கும், தத்தெடுப்பவர்கள் வந்ததும் போய்விடும். அவற்றுக்காகவும் அழுதிருக்கிறேன், ஆனால் ஓரிரு நாளில் தேறிவிடுவேன். மைலோ அப்படி இல்லை. அவன் ஏறக்குறைய ஒரு வருடம் எங்களோடு இருந்துவிட்டு, சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்குத் துணையாகப் போனான்.

பத்துமலைப் பக்கம் ஒரு கட்டுமான இடத்தில் கிடைத்த குட்டிகளில் அவனும் ஒருவன். நாய்களை மீட்கும் அக்கா ஒருவர் கொண்டுவந்து கொடுத்தபோது ஏழெட்டு வாரக் குட்டி. காதெல்லாம் உண்ணி, வயிறு நிறைய பூச்சி. மைலோ பானத்தின் பழுப்பு நிறம் என்பதால் என் மகன் பார்த்தவுடனேயே மைலோ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். குட்டி வளர்ப்பவர்களுக்கு முதல் இரண்டு மாதம் ஒரு இக்கட்டு உண்டு. குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்; தடுப்பூசிகள் முடியக் குட்டிக்கு நான்கு மாத வயதாவது ஆகும்; அதுவரை கண்ட இடத்தில் தரையில் விடக்கூடாது. ஆனால் மனிதர்கள், சத்தம், வண்டி எல்லாம் பயப்பட வேண்டியவை அல்ல என்று ஒரு குட்டி கற்றுக்கொள்ளும் காலமும் மூன்று மாதத்தை ஒட்டி முடிந்துவிடுகிறது. அதனால் அவனைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு சந்தை வாசல், பேருந்து நிறுத்தம், கோயில் தெரு முனை என்று நின்று காட்டுவேன். நாதஸ்வரம், லாரி ஹாரன், பாங்கு ஓசை எல்லாம் என் தோளில் இருந்தபடியேதான் அவன் முதலில் கேட்டான்.

கூடப்பிறந்தவை எல்லாம் வீடு தேடிக்கொண்டன. இவன் மட்டும் நின்றுவிட்டான். பெரிதாக வளரும் தெரு நாயை எடுக்க இங்கே ஆள் குறைவு. பிறகு ஒருநாள் அந்த அக்கா போன் செய்தார். ரவாங்கில் ஒரு ஐயா, சர்க்கரை நோயால் காலை எடுத்துவிட்டார்கள், மனைவியும் தவறிவிட்டார், மகள் வேலைக்குப் போனால் பகல் முழுக்கத் தனிமை. அவருக்குக் குட்டி வேண்டாம், அமைதியான, பழக்கப்பட்ட நாய் வேண்டும். "அவசரம் இல்லம்மா, நல்லா பழக்கிக் கொடுங்க" என்று ஐயாவே பேசினார்.

மைலோ முறையாகப் பயிற்சி பெற்ற உதவி நாய் இல்லை. அவனுக்குக் கதவு திறக்கத் தெரியாது, விழுந்த பொருளை எடுத்துக் கொடுக்கத் தெரியாது. இங்கே அந்த மாதிரி நாய்களே அபூர்வம். 2014-இல் பார்வையிழந்த ஸ்டீவன்ஸ் சான் தன் வழிகாட்டி நாயோடு வெளியே போனபோது பேரங்காடிகளில் தடுக்கப்பட்டதைச் செய்தியில் படித்து நொந்துபோனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் வெள்ளைக் கோலோடு நடப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இவர்கள் விரும்பினாலும் ஒரு நாயோடு நடக்க இந்த ஊர் இடம் கொடுக்குமா என்று நினைப்பேன்.

எனக்கு வழி சொன்னது மெல்பர்னில் இருக்கும் என் அத்தை மகள். அவள் வழிகாட்டி நாய்ப் பள்ளி ஒன்றுக்காக லாப்ரடார் குட்டி வளர்த்துக் கொடுத்தவள். அங்கே எட்டு வாரக் குட்டியைத் தன்னார்வலர் வீட்டில் விடுவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் வளர்த்தபின் பள்ளி திரும்ப வாங்கிக்கொள்ளும். சேணம் மாட்டி நடத்தும் பயிற்சியெல்லாம் அதற்கப்புறம்தான். "நீ சொல்லிக் கொடுக்குற ஒவ்வொண்ணும் இன்னொருத்தர் வாயிலிருந்து வந்தாலும் அது கேட்கணும். அப்பதான் நீ வளர்த்ததுக்கு அர்த்தம்" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் ஒரே சொற்களைப் பயன்படுத்தினோம்: உட்காரு, இரு, விடு, பக்கத்துல வா. அதே சொற்களை ஐயாவிடம் குரல் பதிவாக அனுப்பச் சொல்லி, சாப்பாட்டு நேரத்தில் போட்டுக் காட்டுவேன். முதலில் போனையே முகர்ந்துகொண்டிருந்தவன், சில வாரங்களில் அந்தக் குரலுக்கும் உட்கார ஆரம்பித்தான். ஏனோ அன்றைக்குத்தான் அவன் போகப் போகிறான் என்பது எனக்கு உறைத்தது.

அப்பாவின் பழைய சக்கர நாற்காலி ஸ்டோரில் இருந்தது. முதலில் அதை ஓரிடத்தில் நிறுத்தி, அதன் அடியில் அவன் தட்டை வைத்தோம். அப்புறம் ஓர் அடி நகர்த்தினோம். உருளும் சத்தத்துக்கு அவன் அடுப்படிவரை ஓடுவான். அவித்த கோழி ஈரல் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அவனாக வந்தால் ஒரு துண்டு, வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். பயம் போனதும் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து மகன் தள்ளுவான், மைலோ பக்கத்தில் நடப்பான். முன்னால் குறுக்கே வரக்கூடாது, பாதம் சக்கரத்துக்குள் போகும். மேலே தாவக்கூடாது. முக்கியமாக, வாரை இழுக்கவே கூடாது. இருபது கிலோ நாய் பூனையைக் கண்டு பாய்ந்தால் நாற்காலியே சாய்ந்துவிடும். வாரை நாற்காலியில் கட்டக்கூடாது என்று ஐயாவிடமும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அம்மா ஆரம்பத்தில் முணுமுணுத்தார். கடைசியில் "இவன் கூட வந்தா எனக்கும் தைரியமா இருக்கு" என்றார்.

பிரிவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தோம். முதலில் ஐயா இங்கே வந்து ஒரு மாலை உட்கார்ந்திருந்தார். பிறகு நாங்கள் ரவாங் போனோம். அப்புறம் ஓர் இரவு அவனை அங்கே விட்டுவந்தோம். கருத்தடை, மைக்ரோசிப் எல்லாம் முன்பே முடிந்திருந்தது; நாய் உரிமம் மட்டும் ஐயாவின் பெயரில் அங்கே எடுக்க வேண்டியிருந்தது. மகன் தன் பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றில் மைலோவைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதினான். இடி இடித்தால் குளியலறைக்குள் போய்விடுவான், தீபாவளிப் பட்டாசுக்கும் அப்படித்தான், அவனை வெளியே இழுக்காதீர்கள், விளக்கைப் போட்டுவிடுங்கள். இடது காதுக்குப் பின்னால் சொறிந்தால் தூங்கிவிடுவான். அதைப் படித்துவிட்டு ஐயா வெகுநேரம் பேசவில்லை.

கொடுத்துவிட்டுத் திரும்பிய வாரம்தான் கடினம். பின் கதவைத் திறந்துவிட விடியற்காலையில் தானாக விழிப்பு வரும். சோறு கூடுதலாக வெந்திருக்கும். மகன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நம்மதான் வேண்டாம்னு கொடுத்துட்டோம்னு அவன் நினைச்சுக்குவான்" என்று ஒருநாள் கத்தினான். சமாதானம் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. எனக்கும் அதே பயம் இருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு மாதிரி இருக்கிறது என்றார் அம்மா. கட்டிக்கொடுத்த பெண் போன் செய்வாள், நடந்ததைச் சொல்லி அழுவாள். இவன் எதைச் சொல்வான் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஐயாவின் மேல்கூடக் காரணமில்லாமல் ஒரு கோபம் வந்தது. பிள்ளையைப் பறித்துக்கொண்டார் என்கிற மாதிரி. அவர் அவ்வளவு நல்ல மனிதர். அத்தை மகளிடம் சொன்னபோது, அது எல்லாருக்கும் வரும், வெளியே சொல்வதுதான் அபூர்வம் என்றாள். நாயைத் தொட்டதே இல்லாத பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) கூட வேலி ஓரமாக வந்து அவன் எங்கே என்று கேட்டு, நல்ல இடமா என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டார். அன்று என்னால் அழாமல் இருக்க முடியவில்லை.

அவன் புது வீட்டில் ஊன்றும்வரை போகாதே என்றாள் அத்தை மகள். ஒரு மாதம் போல் போகவில்லை. ஐயாவின் மகள் அனுப்பும் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்போம். உடம்பு இளைத்திருக்கிறதா, தோல் சரியாக இருக்கிறதா என்று. பிறகு போனோம். நாங்கள் கிளம்பியபோது அவன் கம்பிக் கதவின் பின்னால் நின்று ஊளையிட்டதுதான் தாங்கவில்லை. காரில் யாரும் பேசவில்லை. மறுநாள் ஐயா அழைத்து, நாங்கள் போன சிறிது நேரத்தில் அவன் வந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டதாகவும், ராத்திரி முழுச் சாப்பாடும் சாப்பிட்டதாகவும் சொன்னார். இப்போதெல்லாம் நாங்கள் கிளம்பும் நேரத்தில் ஐயாவின் மகள் அவனை நடக்கக் கூட்டிப் போய்விடுகிறார். திரும்பி வரும்போது நாங்கள் இருப்பதில்லை. அவனுக்கு இது சுலபமாக இருக்கிறது, ஊளையிடுவதில்லை.

அக்கா மறுபடி கேட்டார், இரண்டு குட்டிகள் இருக்கிறதாம். மகனின் பரீட்சை முடியட்டும், அதுவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்படிச் சொல்ல முன்பெல்லாம் கூச்சமாக இருக்கும். அவரோ, "சரி லா, நீங்க நல்லா இருந்தாதானே குட்டி நல்லா இருக்கும்" என்றார். எடுத்தால் இந்த முறை சில வாரங்களில் போகிற குட்டிகள்தான். மைலோவைப் போல ஒரு வருடம் வளர்த்துக் கொடுக்க எனக்கு இன்னும் கொஞ்சம் காலம் வேண்டும், அதையும் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.