மூச்சு தயார், கெண்டைக்கால் தயாரா?

நாற்பதைத் தாண்டி ஓட ஆரம்பிப்பவர்களும், சில வருடம் விட்டுவிட்டு மறுபடி ஓட வருபவர்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் மாதம் மூச்சு வாங்கும். இரண்டாவது மாதம் அது பழகிவிடும். 5 கிலோமீட்டர் 10 ஆகும், 10 கிலோமீட்டர் 15 ஆகும். இன்னும் ஓடலாம் போலத் தோன்றும்போதுதான் ஒருநாள் கெண்டைக்காலில் சுருக்கென்று பிடிக்கும். இல்லையென்றால், காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் குதிகாலுக்கு மேலே விறைத்துக்கொண்டு முதல் பத்து எட்டுக்கு நொண்ட வைக்கும்.

மூச்சு ஒரு வேகத்தில் தேறுகிறது. நாணும் எலும்பும் வேறு வேகத்தில் தேறுகின்றன. ஓட ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்திலேயே இரத்தத்தில் பிளாஸ்மாவின் அளவு கூடிவிடும். இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளும். தசை சில வாரங்களில் வலுக்கும். தசையை எலும்போடு கட்டும் தசைநாணுக்கோ மாதக்கணக்கு வேண்டும். எலும்பு புதுச் சுமைக்குத் தக்கபடி தன்னைத் திருத்திக்கொள்ளும்போது முதலில் பழைய திசுவை அரிக்கும், பிறகுதான் புதிதாகக் கட்டும். அந்த ஒரு சுற்று முடிய 3, 4 மாதம் பிடிக்கும். அதனால் சுமையை ஏற்றிய முதல் சில வாரங்களில் அந்த இடத்து எலும்பு முன்பைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். இருபது வயதிலும் இதே கதைதான், ஆனால் அந்த வயதில் தப்புக் கணக்கை உடம்பு பொறுத்துக்கொள்ளும். ஐம்பதில் பொறுக்காது. ஆகவே எவ்வளவு ஓடலாம் என்பதை மூச்சைக் கேட்டு முடிவுசெய்யக் கூடாது, கெண்டைக்காலைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்ற விதியை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். அதைவிடப் பயனுள்ள கணக்கு ஒன்று இருக்கிறது. 5,000-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2025-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் வந்தது. அதில் காயத்தோடு சேர்ந்து வந்தது வாரத்தின் மொத்தத் தூரம் கூடியது அல்ல, ஒற்றை ஓட்டத்தின் தூரம் கூடியது. முந்தைய 30 நாளில் ஓடிய மிக நீளமான ஓட்டத்தை ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் தாண்டியவர்களுக்குக் காயம் அதிகம் வந்திருக்கிறது. கடந்த 30 நாளில் அதிகபட்சம் 14 கி.மீ. ஓடியிருந்தால் இன்றைய எல்லை 15.4 கி.மீ. கூட ஓடுபவர்கள் 18 போனாலும் நீங்கள் 15-ல் நின்றுவிட வேண்டும். காய்ச்சல், பயணம் என்று ஐந்து வாரம் ஓடாமல் இருந்துவிட்டால் பழைய 20 கி.மீ. கணக்கில் வராது. அது நினைவில் இருக்கும், காலில் இருக்காது.

இதோடு இரண்டு பழக்கம் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று வாரம் தூரத்தைக் கூட்டினால், நான்காவது வாரம் மொத்தத்தில் கால் பங்காவது குறையுங்கள். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். மேட்டில் ஏறுவது கெண்டைக்காலுக்கும் நாணுக்கும் வேகப் பயிற்சிக்குச் சமம், இறங்குவது முன்தொடைக்குத் தண்டனை. மேடு பள்ளமான பாதைக்கு மாறிய வாரத்தையும் சுமை கூட்டிய வாரமாகவே எண்ணுங்கள்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாரத்து ஓட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு, முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் இருக்கட்டும். இதயத் துடிப்பைக் காட்டும் கடிகாரத்தை நம்புபவர்களுக்கு: உச்சத் துடிப்பைக் கணக்கிட, 220-லிருந்து வயதைக் கழிக்கும் பழைய சூத்திரத்தைவிட, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிப்பது நடுத்தர வயதுக்காரர்களுக்குப் பொருத்தம். 50 வயதில் உச்சத் துடிப்பு 173 வரும். பேசிக்கொண்டே ஓடும் வேகத்துக்கு அதில் 75 சதவீதம், சுமார் 130. ஆனால் இது சராசரி. ஆளுக்கு ஆள் 10 துடிப்பு கூடலாம், குறையலாம். இரத்த அழுத்தத்துக்கு, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, பேச்சுதான் அளவுகோல். கனடாவின் எட் விட்லாக் 2004-ல் டொரோண்டோவில் 73 வயதில் 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் மாரத்தானை முடித்தார். அவர் பயிற்சியில் பெரும்பகுதி, வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி மணிக்கணக்கில் மெதுவாக ஓடியதுதான்.

இனி கெண்டைக்கால். அங்கே இரண்டு தசை உண்டு. மேலே பிதுங்கித் தெரிவது காஸ்ட்ராக்னீமியஸ், அதற்கு அடியில் தட்டையாக இருப்பது சோலியஸ். இரண்டும் அக்கிலிஸ் நாணில் சேர்ந்து குதிகாலில் முடிகின்றன. ஓடும்போது பெரும்பாடு படுவது சோலியஸ். ஒவ்வோர் எட்டிலும் உடல் எடையைப்போல 6 மடங்குக்கு மேல் விசையைத் தாங்குகிறது. வயதாக ஆக, கணுக்காலிலிருந்து தரையை உந்தும் பலம்தான் முதலில் குறைகிறது. இளைஞர்களுக்கு முழங்காலில் வரும் காயம், நடுத்தர வயதில் கெண்டைக்காலிலும் அக்கிலிஸிலும் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் நிலைமையை இப்போதே பார்த்துவிடலாம். சுவரில் விரல்நுனி மட்டும் பட நில்லுங்கள். ஒற்றைக் காலில், முழங்காலை மடக்காமல், குதிகாலை முழுவதும் தூக்கி இறக்குங்கள். இரண்டு விநாடிக்கு ஒன்று. உயரம் குறையும்போது, முழங்கால் மடங்கும்போது, சுவரைத் தள்ள ஆரம்பிக்கும்போது எண்ணிக்கை முடிந்தது. 25 என்பது வழக்கமான அளவுகோல். பத்து, பன்னிரண்டில் நிற்பவர்கள் மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பதைச் சற்றுத் தள்ளிப்போடலாம். இரண்டு காலுக்கும் ஐந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த காலுக்கு முதலில் வேலை கொடுங்கள்.

பயிற்சி ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் மூன்று முறை. படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, 3 விநாடி ஏறி, மேலே 2 விநாடி நிறுத்தி, 3 விநாடி இறங்க வேண்டும். 15 வீதம் 3 சுற்று. சுற்றுக்கு நடுவே 2 நிமிடம் ஓய்வு. முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில். ஒற்றைக் காலில் 15 எளிதானதும் முதுகுப்பையில் 5 கிலோ. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 கிலோ வீதம் கூட்டலாம். எடை ஏறும்போது எண்ணிக்கையை 8-க்குக் குறைத்துக்கொள்ளலாம். சோலியஸுக்குத் தனியாக, நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால் 90 டிகிரி மடங்கியிருக்க, தொடைமேல் எடை வைத்து இதையே செய்ய வேண்டும். நேராக நிற்கும் பயிற்சி மட்டும் செய்துவிட்டு உட்கார்ந்து செய்வதை விட்டுவிடுகிறார்கள். ஓட்டத்துக்கு அதிகம் தேவைப்படும் தசைக்குத்தான் அப்போது வேலை குறைகிறது. இன்னொரு தவறு, ஸ்பிரிங்போலக் குதித்துக் குதித்துச் செய்வது. நாண் தன் மீள்திறனால் தூக்கிவிடும், தசைக்கு வேலை இருக்காது. எடை சுண்டுவிரல் பக்கம் சாயாமல் கட்டைவிரல் அடிமேட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அக்கிலிஸில் ஏற்கெனவே வலி இருந்தால் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாணைக் கிள்ளிக்கொண்டே குதிகாலிலிருந்து மேலே போங்கள். 2 முதல் 6 சென்டிமீட்டர் உயரத்தில் வலித்தால் நாணின் நடுப்பகுதி. சுவீடனின் ஹாகன் ஆல்ஃபிரெட்ஸன் 1998-ல் வெளியிட்ட முறை இதற்குத்தான்: படி விளிம்பில் நல்ல காலால் ஏறி, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாக இறங்குவது. முழங்கால் நேராக 15 வீதம் 3 சுற்று, மடக்கி 15 வீதம் 3 சுற்று, தினமும் இரண்டு வேளை, 12 வாரம். ஆனால் நாண் குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலி என்றால், குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கக் கூடாது. கீழே போகும்போது நாண் எலும்பின்மேல் நசுங்கும், வலி கூடும். சமதரையில் செய்யுங்கள். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் மாதக்கணக்கில் அவதிப்படுபவர்கள் நிறையப் பேர்.

நசுங்குவதுதான் வேறு இரண்டு இடத்திலும் தொல்லை. உட்காரும் எலும்பில் வலிக்கும் ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) நாணுக்கு, குனிந்து காலைத் தொடும் நீட்டல் கூடாது. இடுப்பின் பக்கவாட்டில் வலி வருவது மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களுக்கு அதிகம். அதற்குக் கால்மேல் கால் போட்டு உட்காருவதையும், ஒரு இடுப்பில் சாய்ந்து நிற்பதையும் நிறுத்தி, ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள். வலிக்கும் இடத்தை இழுத்து நீட்டினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நாணைப் பொறுத்தவரை பல நேரம் தலைகீழ்.

நாண் வலியோடு ஓடலாமா என்றால், ஓடலாம், அளவோடு. பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். ஃபிசியோக்கள் 5 வரை அனுமதிப்பதுண்டு. வயதை எண்ணி 3-ல் நிறுத்துவது நல்லது என்பேன். ஓடும்போது வலிப்பதைவிட முக்கியம் மறுநாள் காலை. எழுந்து முதல் பத்து எட்டு நடக்கும்போது நேற்றைவிட விறைப்பு அதிகமா, குறைவா? அதிகம் என்றால் நேற்று ஓடியது அதிகம். இதைத் தினமும் ஒரு வரி எழுதிவையுங்கள். எந்தக் கடிகாரமும் தராத தகவல் இது.

எலும்பு வலிக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒற்றை விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலி, ஓட ஓடக் கூடும் வலி, இரவில் படுத்தபிறகும் விண்ணென்று தெறிக்கும் வலி: எலும்பு அழுத்தக் காயம் என்றே எடுத்துக்கொண்டு அன்றே நிறுத்துங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐதான் காட்டிக்கொடுக்கும். கவட்டையில் ஆழமாக வலித்தால், குதித்துப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் இருந்து, அது முழுவதும் முறிந்தால் அறுவை சிகிச்சை வரை போகும்.

ஒரே கெண்டைக்கால் வீங்கி, சூடாக, அடிபடாமலே வலித்தால், அதுவும் நீண்ட பயணத்துக்குப் பிறகு என்றால், இரத்தக் கட்டியாக இருக்கலாம்; தடவிவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் பட் என்று ஆகி, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லையா? அக்கிலிஸ் அறுந்திருக்கலாம். குப்புறப் படுத்து, வேறொருவரைக் கெண்டைக்காலைப் பிழியச் சொல்லுங்கள். பாதம் அசையவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நெஞ்சில் அழுத்தம், ஓடும்போது மயக்கம், தாறுமாறான படபடப்பு, வழக்கமான வேகத்திலேயே திடீரென்று மூச்சுத் திணறல், இவற்றில் எது வந்தாலும் ஓட்டம் அங்கேயே முடிகிறது. குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால், வேகப் பயிற்சியைத் தொடங்கும் முன்பே இதயத்தைப் பரிசோதித்துவிடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு. நீண்ட ஓட்டத்துக்கு முன் ஐபுப்ரோஃபென் போடாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும், எச்சரிக்கும் வலியையும் மறைத்துவிடும். சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் தசைநாணைப் பலவீனப்படுத்தி அறுந்துபோகவும் வைக்கலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008-லேயே மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. அறுபதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். மருந்து எழுதும்போதே நான் ஓடுகிறேன் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து பல நேரம் இருக்கும்.

புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம். 70 கிலோ ஆளுக்கு நாளுக்கு 112 கிராம், நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 28. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ஷூவைப் பொறுத்தவரை, முன்பாதத்தைவிடக் குதிகால் உயர்ந்திருக்கும் அளவு 10 மில்லிமீட்டரிலிருந்து 4-க்குத் திடீரென்று மாறினால் கெண்டைக்காலுக்குச் சுமை ஏறும். புது ஜோடியை முதல் மூன்று, நான்கு வாரம் சிறு ஓட்டங்களுக்கு மட்டும் போட்டுப் பழக்குங்கள்.

கடைசியாக, கெண்டைக்கால் தசை கிழிந்து திரும்ப வருபவர்களுக்கு. ஒரு வாரத்தில் நடக்கும்போது வலி போய்விடும். அதை நம்பி ஓடி, அதே இடத்தில் மறுபடி கிழித்துக்கொள்வது மிகச் சாதாரணம். முதலில் 30 நிமிடம் வேகமாக நடந்து வலி வரக் கூடாது. பிறகு ஒற்றைக் காலில் 20 முறை குதிகால் தூக்க முடிய வேண்டும். அதற்குப் பிறகு அதே காலில் 20 முறை குதித்தும் பிடிப்பு வரக் கூடாது. மூன்றும் தேறினால் 1 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 10 தடவை. மறுநாள் ஓய்வு. காலையில் எழுந்து வைக்கும் முதல் எட்டுகள் இலகுவாக இருந்தால் அடுத்தமுறை 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. விறைப்பு இருந்தால் அதே படியில் இன்னொரு நாள்.