ஒரு பாதிக் கணையத்தின் நாட்குறிப்பு

ஜூன் 9, 2024

காலை வெறும் வயிற்றில் சர்க்கரை 168. ஆபரேஷன் முடிந்து நான்கு மாதமாகிறது. இன்சுலினோமா, அதாவது இன்சுலினை அளவில்லாமல் சுரந்து சர்க்கரையை இறக்கிவிடும் கணையக் கட்டி, ஒன்றரை சென்டிமீட்டர்தான், மொச்சைக்கொட்டை அளவு. ஆனால் கணையக் குழாயை ஒட்டிக்கொண்டிருந்ததால் அதை மட்டும் தோண்டி எடுக்க வழியில்லாமல் வால் பக்கம் பாதிக் கணையத்தையே எடுத்தார்கள், கூடவே மண்ணீரலும் போனது. அன்று இரவே சர்க்கரை 260. கட்டி இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த மற்ற இன்சுலின் செல்கள் எழுந்திருக்கக் கொஞ்ச நாள் ஆகும் என்றார் டாக்டர். எழுந்தவை போதவில்லை போல.

ஜூன் 23

கல்யாணப் பந்தியில் சித்தப்பா பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, லோ சுகர்னுதானே வயித்தக் கிழிச்சாங்க, இப்ப ஹை சுகர்ங்கிற?" கேள்வி நியாயம்தான். இரண்டு வருஷம் விடியற்காலையில் வேர்த்து உளறிக் கிடந்தேன், மனைவி வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவாள், தெருவில் குடிகாரன் என்றுகூடப் பேச்சு. 72 மணி நேரப் பட்டினிச் சோதனை என்று படுக்க வைத்தார்கள், 13 மணி நேரத்திலேயே 39. சர்க்கரை அவ்வளவு இறங்கினால் அடங்க வேண்டிய இன்சுலின் சுரப்பு அந்த நிலையிலும் நிற்கவே இல்லை, அதை வைத்துத்தான் பிடித்தார்கள். வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு வருகிற நோயை ரசம் ஊற்றும் நேரத்தில் எப்படி விளக்குவது? "அப்படித்தான் சித்தப்பா" என்றேன்.

ஜூலை 14

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.1 சதவீதம். மாத்திரை போதாதாம், இரவில் 8 யூனிட் ஊசி. எது அதிகமாகச் சுரக்கிறது என்று வெட்டினார்களோ அதையே காசு கொடுத்து வாங்கி, ஃபிரிட்ஜில் கொத்தமல்லிக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சீட்டில் டைப் 1, டைப் 2 என்று இரண்டே கட்டம். டாக்டர் இரண்டையும் விட்டுவிட்டு ஓரத்தில் '3சி' என்று பேனாவால் எழுதினார். கணையம் கெட்டு வரும் சர்க்கரைக்கு அதுதான் பெயராம்.

ஜூலை 29

மதியச் சாப்பாடு தள்ளிப்போனதில் 58. அதே பழைய நடுக்கம். மனைவி மீட்டரைப் பார்த்துவிட்டு, "அதான் எடுத்தாச்சுன்னு சொன்னாங்களே" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இறங்கும் சர்க்கரையைத் தூக்கிவிடுகிற குளுகோகானும் கணையத்தில்தான் சுரக்கிறது, அதிலும் பாதி போயாச்சு என்று அவளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. மூன்று கடலை மிட்டாய் தின்று அரை மணி கழித்து 74. கடலையில் எண்ணெய் இருப்பதால் ஏற நேரமாகும், குளுக்கோஸ் பொடிதான் சரி என்று போனில் டாக்டரிடம் திட்டு. பொடி வாங்கியாச்சு. மிட்டாயையும் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.