பெல்கிரேடுக்குப் பறக்க மறுத்த ஜிம்மி ஜான்ஸ்டன்

கால்பந்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் யார் என்று கேட்டால், தயங்காமல் ஜிம்மி ஜான்ஸ்டன் என்பேன். 1944இல் ஸ்காட்லாந்தின் வியூபார்க்கில் பிறந்து, கிளாஸ்கோ நகரின் செல்டிக் கழகத்துக்கு வலது விங்கராக, அதாவது வலப்பக்க ஓரமாகப் பந்தைக் கொண்டுசென்று தாக்கும் வீரராக, ஆடிய இந்தச் செந்தலையர், ஐந்தரை அடிகூட உயரமில்லாதவர். சிறுவயதில் பால் பாட்டில்களை வரிசையாக நிறுத்தி, அவற்றுக்கிடையே பந்தை வளைத்து வளைத்து உருட்டிப் பழகியவர். 1967இல் லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என வென்று ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றிய அணியில் அவரும் இருந்தார்.

ஆனால் என் மனத்தில் நிற்பது 1968 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஆட்டம்தான். விமானப் பயணம் என்றாலே நடுங்கும் அவரிடம், நான்கு கோல் வித்தியாசத்தில் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணியை வென்றால், அவர்கள் ஊரில் நடக்கும் இரண்டாவது ஆட்டத்துக்கு வர வேண்டியதில்லை என்று மேலாளர் ஜாக் ஸ்டீன் வாக்களித்தார். இடைவேளையில் 1-1 என்றிருந்த ஆட்டம், ஜான்ஸ்டன் இரண்டு கோல் அடித்து மற்றவற்றுக்கும் வழிவகுக்க, 5-1 என முடிந்தது. மனிதர் ஊரிலேயே தங்கிவிட்டார். எத்தனை முறை படித்தாலும் அலுக்காத கதை!

2002இல் செல்டிக் ரசிகர்கள் அவரையே கழகத்தின் தலைசிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். அத்தனை எதிரிகளை ஏய்த்த அந்த உடலை நரம்பியக்க நோய் முடக்கியதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. 2006 மார்ச்சில் அவர் மறைந்தார்.